கடலூர் மாநகராட்சிக்குக் கடன் பத்திரம், ரயில்வேக்கு வரி: நடக்கிற காரியமா?

ஓ.டி.வாசி:
2025-ல் சென்னை மாநகராட்சி 200 கோடி அளவுக்குக் கடன் பத்திரம் விட்டு மழைநீர் வடிகாலுக்குப் பணம் திரட்டியது. நாமும் 2021-ல் மாநகராட்சி ஆகிவிட்டோமே, நமக்கு என்ன குறைச்சல்? துறைமுகம் ஜங்ஷனிலிருந்து திருப்பாதிரிப்புலியூர் வரை ரயில்வே இடம் எவ்வளவு கிடக்கிறது, அதற்குச் சொத்து வரி போட்டு அந்த வருமானத்தைக் காட்டியே பத்திரம் விடலாம். 2022-ல் ஓ.டி. என்கிற எங்கள் ஓல்டு டவுனில் ஓட்டு வீட்டுக்கு வரியை ஏற்றத் தெரிந்தவர்களுக்கு இது தெரியாதா?

ரிடையர்டு கார்டு:
தம்பி, ஆசைப்படலாம், சட்டம் விடாது. அரசியல் சட்டம் 285-வது பிரிவுப்படி மத்திய அரசின் சொத்துக்கு மாநிலமோ உள்ளாட்சியோ வரி போட முடியாது. 1989 ரயில்வே சட்டத்தின் 184-வது பிரிவைப் பார்த்தாலும், மத்திய அரசு அறிவிக்கை போட்டால்தான் உண்டு. ஸ்டேஷன் விளக்கு, தண்ணீர், குப்பை எல்லாம் ரயில்வேக்காரர்கள் நாங்களேதான் பார்த்துக்கொண்டோம்.

மஞ்சக்குப்பம் கணக்கர்:
வரி கிடையாது, சரி. ரோடு, விளக்கு மாதிரி மாநகராட்சி செய்கிற வசதிக்கு ரயில்வே தரவேண்டிய சேவைக் கட்டணத்தை ஏன் ஐயா விட்டுவிட்டீர்கள்? ராஜ்கோட் மாநகராட்சி வழக்கில் 2009-லேயே உச்ச நீதிமன்றத்தில் முடிவானதுதானே. எல்லாச் சேவையும் வாங்கினால் மற்றவர்கள் கட்டும் சொத்து வரியில் 75 சதவீதம், கொஞ்சம் வாங்கினால் 50, ஒன்றுமே வாங்காவிட்டாலும் மூன்றில் ஒரு பங்கு.

ரிடையர்டு கார்டு:
வாங்காததற்குக் காசா? நல்ல கூத்து!

மஞ்சக்குப்பம் கணக்கர்:
குவார்ட்டர்ஸிலிருந்து கடைத்தெருவுக்கு யார் போட்ட ரோட்டில் போனீர்கள்?

அப்புறம் ஓ.டி. அண்ணே, உங்கள் கணக்கும் உதைக்கிறது. பத்திரம் வாங்குகிறவன் கேட்பது ஒன்றுதான், மாசாமாசம் எங்கிருந்து பணம் வரும்? கடிதம் மேல் கடிதம் எழுதி வாங்க வேண்டிய கட்டணத்தை அவன் வருமானமாகவே சேர்க்க மாட்டான். மதுரை 2001-ல் 30 கோடிக்குப் பத்திரம் விட்டது என்றால் உள்வட்டச் சாலையின் சுங்க வசூல் கையில் இருந்தது. நம்மிடம் சொத்து வரி பாக்கிதான் இருக்கிறது. 2003 வாக்கில் தமிழ்நாட்டின் சின்ன உள்ளாட்சிகள் பல சேர்ந்து குடிநீர்த் திட்டங்களுக்குப் பொதுவாக ஒரு பத்திரம் விட்டன, நமக்கு அந்த வழிதான் தோது.

ஓ.டி.வாசி:
சேர்ந்து வாங்கினால் பணம் பங்கு பிரியும், அதிலும் மஞ்சக்குப்பத்துக்கு வடிகால் போட்டு மிச்சம் இருந்தால்தான் எங்கள் பக்கம் வருவீர்கள். எனக்கு அந்த மூன்றில் ஒரு பங்கே போதும், அதை முதலில் வசூலியுங்கள்.

ரிடையர்டு கார்டு:
வசூல் இருக்கட்டும், பில் போட்டார்களா என்று கேளுங்கள். பில் போகாமல் எந்த ஆபீஸும் பைசா தராது, எங்கள் ஆபீஸ் சத்தியமாகத் தராது.