மகெல்லன் படம்: பட்டினி, கலகம், காட்டப்படாத மக்தான் சண்டை – சில சந்தேகங்கள்

மாலைக்காட்சி:
லாவ் டியாஸ் இயக்கிய 'மகெல்லன்' (2025) பார்த்து முடித்தாயிற்று. காயல் கார்சியா பெர்னால் போர்ச்சுகீசியக் கடலோடி மகெல்லனாக வருகிறார். படம் பிடித்திருக்கிறது, ஆனால் பாதி இடங்களில் கதை பிடிபடவில்லை. மலாக்காவில் பிணங்கள் கிடக்கின்றன, பிறகு போர்ச்சுகல், பிறகு கப்பல் என்று ஆண்டுக்கணக்கில் தாவுகிறது. நின்று விளக்க ஆளில்லை. ஐந்து கப்பல் நிறைய உணவு ஏற்றிக்கொண்டு போனவர்கள் பட்டினி கிடந்தது எப்படி? சொந்த ஆட்களோடு மகெல்லனுக்கு அப்படி என்ன பகை? கடைசியில் பிலிப்பைன்ஸில் மகெல்லன் இறந்த மக்தான் சண்டையைக் காட்டாமலே தாண்டிப் போகிறார்களே, அவரை எதிர்த்த தலைவர் லாப்புலாப்பு எங்கே? இன்னொன்று, வீட்டு டிவியில் இரவுக் காட்சிகளில் ஒன்றுமே தெரியவில்லை. வெளிச்சத்தை ஏற்றினால் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடுகிறது.

ரீல்பெட்டி:
டிவி விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். பிரைட்னஸைத் தொடாதீர்கள், அது கறுப்பைத்தான் தூக்கும். படம் பார்க்கும் மோடை 'சினிமா' அல்லது 'ஃபிலிம்மேக்கர்' என்று வையுங்கள். டைனமிக் கான்ட்ராஸ்ட், பவர் சேவிங், அறை வெளிச்சத்தைப் பார்த்துத் தானாகக் கூடிக் குறையும் சென்சார் மூன்றையும் அணைத்துவிடுங்கள். அதற்குப் பிறகும் இருட்டாக இருந்தால் பேக்லைட்டை மட்டும் ஏற்றுங்கள், காமாவை 2.2க்குக் கொண்டுவாருங்கள். அறை விளக்கை அணைப்பதில்தான் பாதி பலன் இருக்கிறது. மோஷன் ஸ்மூத்திங்கும் வேண்டாம். அசையாத கேமரா முன்னால் கடல் மட்டும் அசையும் ஷாட்டில் அது அலையை பிளாஸ்டிக் ஆக்கிவிடும். படத்தின் சட்டகம் கிட்டத்தட்டச் சதுரம். டிவி தானாக இழுத்து அகலமாக்கினால் ஆட்கள் குள்ளமாகிவிடுவார்கள், கீழே வரும் சப்டைட்டிலும் வெட்டுப்படலாம். ஆஸ்பெக்டை 'ஒரிஜினல்' என்று மாற்றுங்கள்.

வேகத்தைப் பற்றி: எட்டு மணி நேரப் படம் எடுத்த மனிதர் டியாஸ். இது இரண்டரை மணி நேரத்துச் சொச்சம்தான், அவர் கணக்கில் குறும்படம். இடைவேளை விடுவதானால் கப்பல்கள் செவில்லை விட்டுக் கிளம்பும் இடத்தில் விடுங்கள். புயல், விசாரணை மாதிரி ஒரு ஷாட்டின் நடுவில் நிறுத்தினால் மறுபடி அந்தக் காத்திருப்புக்குள் போவது கஷ்டம்.

பாய்மரம்:
வரிசை தெரிந்தால் தாவல் உறுத்தாது. 1505இல் மகெல்லன் போர்ச்சுகீசியக் கப்பற்படையோடு இந்தியாவுக்கு வருகிறார். 1511இல் போர்ச்சுகீசியத் தளபதி அல்புகெர்க்கே மலாக்காவைப் பிடித்தபோது உடன் இருக்கிறார். பிறகு மொராக்கோவில் போர், காலில் காயம், ஆயுள் முழுக்க நொண்டல். போர்ச்சுகல் மன்னர் மனுவேல் படித்தொகையை உயர்த்தித் தர மறுக்கிறார், 1517இல் ஸ்பெயினுக்கு மாறுகிறார். 1518 மார்ச்சில் ஸ்பெயின் மன்னர் கார்லோஸோடு ஒப்பந்தம். ஸ்பெயினும் போர்ச்சுகலும் கடல்வழிகளைப் பங்கிட்டுக்கொண்ட 1494 தோர்தேசியாஸ் உடன்படிக்கைப்படி ஆப்பிரிக்காவைச் சுற்றிய வழி போர்ச்சுகலுக்கு. அதனால் கிராம்பு விளையும் மொலுக்கா தீவுகளுக்கு மேற்கே போய்ச் சேர்வதுதான் திட்டம்.

பகை அங்கேயே முளைத்துவிட்டது. தளபதி போர்ச்சுகீசியர், கப்பல் தலைவர்களில் பலர் ஸ்பானியர்கள். போகும் வழியைச் சொல்ல மறுத்தார் மகெல்லன். 1519 செப்டம்பர் 20 அன்று சான்லூக்கரை விட்டவர், பிரேசிலை நோக்கித் திரும்பாமல் ஆப்பிரிக்கக் கரையோரமாகவே தெற்கே போனார். சான் அந்தோனியோ கப்பலின் தலைவர் கார்த்தகேனா ஏன் என்று கேட்டார், கடைசியில் மகெல்லன் அவரையே கைது செய்தார்.

1520 மார்ச் 31 அன்று தென் அமெரிக்காவின் தெற்கே படகோனியாவில் சான் ஹுலியான் துறை. குளிர்காலம் முழுக்க இங்கேதான், ரேஷனும் பாதி என்றார் மகெல்லன். மறுநாள் இரவே கலகம், ஐந்தில் மூன்று கப்பல்கள் கலகக்காரர்கள் கையில். மகெல்லன் விக்தோரியா கப்பலுக்கு ஒரு கடிதம் கொடுத்து ஆளனுப்பினார். தலைவர் மெந்தோசா அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே கழுத்தில் குத்திக் கொன்றார்கள். கலகம் செய்த இன்னொரு கப்பல் தலைவர் கெசாதாவின் தலையை வெட்டியது அவருடைய சொந்த வேலைக்காரன். வெட்டினால் உனக்கு உயிர்ப்பிச்சை என்று பேரம். கார்த்தகேனாவையும் ஒரு பாதிரியாரையும் கரையில் விட்டுவிட்டுப் போனார்கள். மற்ற நாற்பது பேருக்கு மன்னிப்பு. கருணை இல்லை, கப்பலை ஓட்ட ஆள் வேண்டுமே.

இனி பட்டினி. கிளம்பும்போது ஏற்றிய பிஸ்கட் மட்டும் 2,100 குயின்டால் சொச்சம், அதாவது 100 டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் ஐந்தில் சிறிய கப்பல் சாந்தியாகோ படகோனியக் கரையில் உடைந்தது. ஐந்திலும் பெரியது, உணவில் பெரும்பங்கை வைத்திருந்த சான் அந்தோனியோ, தென் அமெரிக்க முனையில் பசிபிக்குக்குப் போகும் நீரிணைக்குள் இருக்கும்போதே நழுவி ஸ்பெயினுக்குத் திரும்பிவிட்டது. மூன்று கப்பல்கள் 1520 நவம்பர் 28 அன்று பசிபிக்கில் இறங்கின.

அடுத்த தவறு கணக்கில். சூரிய உயரத்தை அளந்து அட்சரேகை எடுக்கலாம், அதற்கான குவாட்ரன்ட் கருவி மட்டுமே 21 கொண்டுபோனார்கள். தீர்க்கரேகைக்கு வழி இல்லை. அரைமணி மணற்குடுவையும் (மொத்தம் 18 இருந்தன) கண்மதிப்பில் வேகமும்தான். குடுவையைத் திருப்புவது கப்பல் பையன்கள் வேலை. ஒருவன் தூங்கிவிட்டால் அன்றைய தூரமே தப்பு. அதைவிடப் பெரிய தப்பு, பூமியையே சிறியதாக மதிப்பிட்டிருந்தார்கள். சில வாரங்களில் கடந்துவிடலாம் என்று நினைத்த கடல் மூன்று மாதத்துக்கு மேல் இழுத்தது. வழியில் கண்ணில் பட்டது ஆளில்லாத இரண்டு தீவுகள்.

கப்பலில் இருந்த பிகாஃபெத்தா எழுதி வைத்தது: பிஸ்கட் தூளாகிப் புழு மண்டி எலி மூத்திர நாற்றம் அடித்தது. தண்ணீர் மஞ்சளாக இருந்தது. பாய்மரக் கட்டையில் கயிறு அறுபடாமல் இருக்கப் போர்த்திய மாட்டுத்தோலைக் கழற்றி, நான்கைந்து நாள் கடலில் ஊறவைத்து, தணலில் வாட்டித் தின்றார்கள். ஓர் எலி அரை துக்காத் (அக்காலத் தங்கக் காசு). ஈறு வீங்கிப் பல்லை மூடியதால், கிடைத்ததையும் மெல்ல முடியாமல் செத்தவர்கள் உண்டு. அது ஸ்கர்வி. உடம்பில் உள்ள வைட்டமின் சி ஒன்றிலிருந்து மூன்று மாதத்தில் தீரும். நீரிணைக் கரையில் காட்டுச் செலரிக் கீரையை நிறையத் தின்றிருந்ததால்தான் கொஞ்சமாவது தள்ளிப்போனது. அப்படியும் 19 பேர் இறந்தார்கள். படத்தில் ஆட்கள் பேசாமல் கிடக்கும் ஷாட்டுகள் நீளம் என்று குறைப்பட்டால், இதை ஒருமுறை படித்துவிட்டுப் பாருங்கள்.

நெய்தல்:
மக்தானுக்கு வருகிறேன். சண்டைகளைக் காட்டாமல் அதற்குப் பின் கிடக்கும் உடல்களை மட்டும் காட்டுவது இந்தப் படத்தின் முறை, மலாக்காவிலும் டியாஸ் அதைத்தான் செய்தார். ஆனால் நடந்தது என்ன என்பது பிகாஃபெத்தாவால் கிட்டத்தட்ட நிமிடக் கணக்கில் தெரியும். அவரும் அந்தத் தண்ணீரில் நின்றவர்.

செபு தீவின் தலைவர் ஹுமாபோன் 1521 ஏப்ரல் 14 அன்று ஞானஸ்நானம் பெற்று கார்லோஸ் ஆனார். மக்தானின் ஒரு தலைவரான சூலா, இன்னொரு தலைவர் லாப்புலாப்பு பணிய மறுக்கிறார், ஒரு படகு ஆள் அனுப்புங்கள் என்று கேட்டார். மகெல்லன் மூன்று படகில் 60 பேரோடு தானே போனார். ஹுமாபோன் ஆட்களையும் கூட்டிப்போய், நாங்கள் சண்டை போடுவதை வேடிக்கை மட்டும் பாருங்கள் என்று நிறுத்திவைத்தார். தோல்வி இந்த இடத்திலேயே எழுதப்பட்டுவிட்டது.

ஏப்ரல் 27 விடியல். கரையை ஒட்டிப் பாறை, ஆழமில்லை. படகு தூரத்திலேயே நின்றுவிட்டது. 49 பேர் தொடையளவுத் தண்ணீரில் இறங்கி, குறுக்குவில் அம்பு இரண்டு முறை பாயும் தூரத்துக்கு மேல் நடந்தார்கள். எதிரே 1,500 பேர் என்கிறார் பிகாஃபெத்தா (தோற்றவர் சொல்லும் எண்ணிக்கை, கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம்). படகில் இருந்த பீரங்கிக்கு அவ்வளவு தூரம் எட்டவில்லை. துப்பாக்கியும் அம்பும் அரைமணி நேரம் தூரத்திலிருந்தே வீணாயின. சுடுவதை நிறுத்துங்கள் என்று மகெல்லன் கத்தியும் கேட்பார் இல்லை. குண்டு பட்டும் சாகவில்லை என்று தெரிந்ததும் எதிராளிகளுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. பயமுறுத்த மகெல்லன் ஆட்கள் வீடுகளைக் கொளுத்தினார்கள், அது கோபத்தைத்தான் கூட்டியது. மார்புக்கும் தலைக்கும் கவசம், காலுக்கு ஒன்றும் இல்லை. அதைக் கவனித்துவிட்டுக் காலையே குறிவைத்தார்கள். தன் வலது காலில் நஞ்சு தோய்த்த அம்பு பட்டதும் மகெல்லன் பின்வாங்கச் சொன்னார், பெரும்பாலானவர்கள் ஓடியேவிட்டார்கள். ஆறு முதல் எட்டுப் பேர் கூட நிற்க, முழங்காலளவுத் தண்ணீரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடித்தார். கையில் மூங்கில் ஈட்டிக் காயம் இருந்ததால் வாளைப் பாதிக்கு மேல் உருவ முடியவில்லை. இடது காலில் பெரிய வெட்டு விழ, முகம் குப்புற விழுந்தார். உடலைத் திருப்பிக் கேட்டபோது, எதைக் கொடுத்தாலும் தரமாட்டோம் என்று பதில் வந்தது.

கவனியுங்கள், கொன்றவர் இன்னார் என்று பிகாஃபெத்தா எழுதவில்லை. லாப்புலாப்பு நேரில் நின்று சண்டையிட்டதாகவும் இல்லை. டியாஸ் அந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டு, லாப்புலாப்பு என்பதே ஹுமாபோன் கட்டிய கதை என்று போகிறார். பிலிப்பைன்ஸில் லாப்புலாப்பு தேசிய வீரர், அதனால் அங்கே சச்சரவு. என் கணிப்பில் டியாஸ் அளவுக்கு மீறிப் போகிறார். பணிய மறுத்த தலைவர் என்று பெயரோடு பதிவு இருக்கிறது. ஆனால் அவர் கையால் மகெல்லன் விழுந்தார் என்ற சிலைக் காட்சிக்குத்தான் ஆதாரம் இல்லை.

கிடங்குத்தெரு:
மலாக்காக் காட்சிகளில் நம்மவர்களுக்கு ஒரு கொக்கி இருக்கிறது. அந்தத் துறைமுகத்தில் தமிழ் வணிகர்கள் பெருங்கூட்டம். போர்ச்சுகீசியர் 1509இல் முதலில் வந்து சிக்கல் ஆனபோது (மகெல்லன் அந்தப் பயணத்திலும் உண்டு) பிடிபட்ட கைதிகளுக்குச் சோறும் உதவியும் தந்தவர் நினா சாது என்று அவர்கள் எழுதும் தமிழ் வணிகர். 1511இல் நகரம் விழுந்ததும் அல்புகெர்க்கே அவரையே பெண்டஹாரா என்ற உயர் நிர்வாகப் பதவியில் வைத்தார். சில ஆண்டுகளில் பதவி பறிபோக, தீயில் இறங்கி உயிரை விட்டார். இதெல்லாம் படத்தின் சட்டகத்துக்கு வெளியே.

மாலைக்காட்சி:
எல்லோருக்கும் நன்றி. மலாக்காவில் வாங்கிய அடிமை என்ரிக்கேதான் உலகைச் சுற்றிய முதல் ஆள் என்று சொல்கிறார்களே, சரியா?

பாய்மரம்:
நிரூபணம் இல்லை. 1521 மார்ச் இறுதியில் பிலிப்பைன்ஸ் தீவான லிமசாவாவில் அவர் பேசியதை ஊரார் புரிந்துகொண்டார்கள், அதிலிருந்துதான் இந்தப் பேச்சு. மலாய் அன்று அந்தக் கடல் முழுக்க வணிக மொழி, அது அவர் சொந்த ஊர் என்பதற்குச் சான்றாகாது. மகெல்லனின் உயில் அவரை மலாக்காக்காரர் என்கிறது, பிகாஃபெத்தா சுமத்ரா என்கிறார். மலாக்காவுக்கும் செபுவுக்கும் இடையே சுமார் 2,500 கி.மீ. மிச்சம் இருக்கிறது. உயிலின்படி எஜமானர் இறந்ததும் அவர் விடுதலை பெற்றிருக்க வேண்டும். புதுத் தலைவர் பார்போசா முடியாது என்றார். மே 1 அன்று ஹுமாபோன் விருந்துக்கு அழைத்து இருபதுக்கு மேற்பட்டவர்களைக் கொன்றதில் என்ரிக்கேயின் கை உண்டு என்பது பிகாஃபெத்தாவின் குற்றச்சாட்டு. அதற்குப் பிறகு அவர் மலாக்கா போனார் என்றோ போகவில்லை என்றோ பதிவு கிடையாது. முழுச் சுற்று முடித்ததாக உறுதியாகச் சொல்லக்கூடியது 1522 செப்டம்பர் 6 அன்று கப்பல் தலைவர் எல்கானோ உட்பட விக்தோரியாவில் சான்லூக்கர் வந்து சேர்ந்த 18 பேரை.