காலையில் ரோஸ், ராத்திரியில் வெள்ளை

வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷனுக்கு நான் நடந்து போகும் சந்தில் ஒரு பழைய ஓட்டு வீடு. மதிலில் ஏறி, பாதி ஓட்டை மூடி, இப்போது கரண்ட் கம்பியை எட்டிப் பிடிக்கப் பார்க்கும் கொடி ஒன்று அங்கே உண்டு. கொத்துக் கொத்தாக ரோஸ் பூ. ஒரு வருடமாகப் பார்க்கிறேன், பெயர் மட்டும் தெரியவில்லை.

டீக்கடைக்காரர் காகிதப்பூ என்றார். அது இல்லை என்று எனக்கே தெரியும். காகிதப்பூவில் நிறமாகத் தெரிவது இலைதான். நடுவில் குச்சி மாதிரி நிற்கும் சின்ன வெள்ளைதான் பூ. அம்மாவிடம் படம் காட்டினேன், கொடி ரோஜா என்று அடித்துச் சொன்னார். ஆனால் கொடி ரோஜாவுக்கு இலை இதய வடிவம். பூங்கொத்தின் நுனியே சுருண்டு எதையாவது பிடித்துக்கொள்ளும். இதில் அந்தச் சுருளே இல்லை. ஐந்து இதழ், பின்னால் விரல் நீளத்துக்கு மெல்லிய குழல், இலைகள் எதிரெதிராக.

ஒருநாள் ஓவர்டைம் முடிந்து ஒன்பது மணிக்கு வருகிறேன், அதே மதிலில் வெள்ளைப் பூ! சந்து முழுக்க வாசனை வேறு. இரண்டு கொடி பின்னிக் கிடக்கிறது போல என்று போன் வெளிச்சத்தில் தண்டைத் தடவிப் பார்த்தேன். முள் கிழித்ததுதான் மிச்சம். (இலை உதிர்ந்ததும் காம்பின் அடிப்பகுதி காய்ந்து முள்ளாக நின்றுவிடுமாம். அதை மாட்டிக்கொண்டுதான் கொடி ஏறுகிறது.)

சந்து முனையில் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடை போடும் பாட்டி கூப்பிட்டார். 1964க்குப் பிறகு பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த குடும்பம். வியாசர்பாடியில் அப்படி நிறைய பேர்.

“இன்னா கண்ணு, இருட்டுல இன்னா தேடுற?”

சொன்னேன். சிரித்தார்.

“அது ரங்கூன் மல்லி. ரெண்டு கொடி இல்லப்பா, ஒண்ணுதான். சாயந்தரம் வெள்ளையா பூக்கும், காலைல ரோஸாயிடும், அப்பால செவந்துடும். நீ காலைல மட்டும் பாத்தா எப்டி தெரியும்?”

நம்பாமல் ஒரு மொட்டில் நூல் கட்டினேன். அன்று மாலை வெள்ளை, மறுநாள் ரோஸ், மூன்றாம் நாள் நல்ல சிவப்பு. இருட்டில் வெள்ளையும் வாசனையும் நீள நாக்குள்ள அந்துப்பூச்சிகளை இழுக்க. பகலில் அதே கொத்துக்குத் தேனீயும் தேன்சிட்டும் வருகின்றன.

தேடிப் படித்ததில் இன்னொன்று கிடைத்தது. செடிகளுக்கு லத்தீனில் இரட்டைப் பெயர் வைக்கும் முறையைப் பரப்பிய லின்னேயஸ் 1762இல் இதற்கு வைத்த பெயர் குவிஸ்குவாலிஸ் இண்டிகா. அந்த முதல் சொல், அவருக்கு முன்பே இந்தோனேசியாவின் அம்போன் தீவில் இருந்த தாவர ஆய்வாளர் ரம்ஃபியஸ் கொடுத்தது. லத்தீனில் அதற்கு ‘யார்? என்ன?’ என்று அர்த்தம். என்னைப் போலவே அந்த ஆளும் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருப்பார் போல! இப்போது காம்பிரீட்டம் இண்டிகம் என்று மாற்றிவிட்டார்கள். நம் தெருவில் நிற்கும் நாட்டு வாதாம் மரமும் இதே குடும்பம்தான்.

பாட்டி வேரோடு ஒரு பக்கக் கன்று வாங்கிக் கொடுத்தார். மொட்டை மாடியில் பெயின்ட் வாளியில் வைத்து மூன்று மாதமாகிறது. இலை தளதளவென்று வருகிறது, மொட்டைத்தான் காணோம். தொட்டியில் பூக்க வைத்தவர்கள் யாராவது இருந்தால், வெயில் போதவில்லையா, வாளி போதவில்லையா என்று சொல்லுங்கள்.