மவுண்ட் வாஷிங்டன் உச்சியில் சமையலறைப் பணியில் ஒரு வாரம்

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், மவுண்ட் வாஷிங்டன் மலையுச்சியில் 1932 முதல் இயங்கிவரும் வானிலை நிலையத்தில், குளிர்காலத்தில் பணியாளர்களுக்குச் சமைத்துக் கொடுக்கத் தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். அப்படி ஒரு பிப்ரவரியில் நான் அங்கே ஒரு வாரம் தங்கினேன். புதன்கிழமை ஒரு குழுவினர் இறங்க, அடுத்த குழுவினர் பனியில் செல்லும் சங்கிலிச் சக்கர வண்டியில் ஏறி வருவார்கள்.

மலையின் உயரம் 1,917 மீட்டர்தான்; நம் ஊட்டியைவிடத் தாழ்வு. ஆயினும் பல புயல்பாதைகள் கூடும் இடத்தில், மேற்குக் காற்றுக்குக் குறுக்கே இம்மலைத்தொடர் நிற்பதால், உச்சியைக் கடக்கும்போது காற்று நெருக்குண்டு வேகமெடுக்கிறது. 1934 ஏப்ரல் 12 அன்று இங்கே மணிக்கு 372 கிலோமீட்டர் வேகம் பதிவானது. 1996இல் ஆஸ்திரேலியாவின் பாரோ தீவில் 408 பதிவாகும்வரை, தரையில் நிறுவிய காற்றுமானிகளில் அதை மிஞ்சிய அளவீடு எதுவும் இல்லை.

இரவுப் பணியாளருடன் ஒருமுறை வெளியே போனேன். மேகத்தின் நுண்துளிகள் மோதிய கணமே உறைந்து, காற்று வரும் திசையை நோக்கியே இறகு இறகாக வளர்ந்து, கைப்பிடிக் கம்பி முழுவதையும் மூடியிருந்தன. கருவிகளும் இப்படியே உறைந்து போவதால், ஈரப்பதத்தை அறிய இரட்டை வெப்பமானியைக் கையால் சுழற்றித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. அவர் காற்றுக்கு முகம் கொடுத்து நின்று அதைச் சுழற்றினார். பிறகு மூச்சின் வெதுவெதுப்பு பட்டு அளவு மாறிவிடக் கூடாதென்று மூச்சை அடக்கிக்கொண்டு, தலைவிளக்கின் ஒளியில், துணி சுற்றிய ஈரக் குமிழை முதலிலும் உலர் குமிழை அடுத்தும் படித்தார். துணி உறைந்து கண்ணாடிபோல் மின்னியது. இதை ஒவ்வொரு மணி நேரமும், இரவு பகல் பாராமல் செய்கிறார்கள். கோபுரத்தில் படிந்த பனிக்கட்டியைக் கடப்பாரையால் தட்டி உதிர்ப்பதும் அவர்கள் வேலைதான்.

மழைமானியை ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றி, நிறைந்ததை உள்ளே கொண்டுவந்து, பனியை உருக்கி அளக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுவே. ஒரு நாள் நான் அடுப்பில் ரசம் வைத்துக்கொண்டிருந்தபோது, ஒருவர் அந்தக் கலத்தைக் குழந்தையைத் தூக்குவதுபோல் இரு கைகளாலும் அணைத்துக்கொண்டு வந்தார். ஒரு துளி சிந்தினாலும் பதிவு பிழையாகும் என்றார். பல தலைமுறைகள் இதே கவனத்தோடு இருந்ததால்தான், தொண்ணூறு ஆண்டுகளைத் தாண்டிய இந்த ஏடுகளை இன்றைய காலநிலை ஆய்வாளர்கள் நம்பிப் பயன்படுத்த முடிகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

அங்கே ஆண்டின் பெரும்பகுதி மூடுபனிதான். என் வாரத்திலும் ஐந்து நாள்கள் சன்னல்கள் வெறும் வெள்ளையாகவே இருந்தன. செவ்வாய் காலையில் மேகம் உச்சிக்குக் கீழே இறங்கியது. பார்வைத்தொலைவை அங்கே, தூரம் தெரிந்த மலைகளில் எதுவரை கண்ணுக்குத் தெரிகிறது என்று பார்த்தே குறிக்கிறார்கள். பணியாளர் மேற்கே சுமார் 210 கிலோமீட்டர் தொலைவில், நியூயார்க் மாநிலத்தின் மார்சி மலையை எனக்குச் சுட்டிக்காட்டினார். நகத்தால் கீறியதுபோல் ஒரு மெல்லிய நீலக் கோடு. நான் அதைப் பார்த்துக்கொண்டே நிற்க, அவர் ஏட்டில் எழுதிவிட்டு மழைமானியை மாற்றப் புறப்பட்டார்.