அம்மா செய்துவந்த பௌர்ணமி தானம்: பிக்கு பணக் கவரை ஏன் வாங்கிக்கொள்ளவில்லை?

அல்சூர்க்காரி:

அம்மா போய் ஒரு வருஷம் ஆகிறது. பௌர்ணமி தவறாமல் ஏதாவது சமைத்து, கேரியரில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறி, பிக்கு என்கிற பௌத்தத் துறவிகள் தங்கும் விகாரைக்குப் போய்விடுவார். நான் ஒரு நாளும் கூடப் போனதில்லை. ஆபீஸ், பிள்ளைகளின் ஸ்கூல் என்று ஏதாவது வந்துவிடும். இந்த முறை அவருடைய நினைவு நாளுக்கு நானே போனேன். எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு பொரியல், தயிர். கவரில் 2,000 ரூபாய்.

பதினொன்றே கால் இருக்கும். கேரியரைப் பிக்குவின் முன்னால் மேசையில் வைத்துவிட்டு ஓரமாக நின்றேன். அவர் தொடவே இல்லை. சின்ன வயசு, இருபத்தைந்துகூட இருக்காது. கண்ணைத் தாழ்த்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். என்ன தப்பு செய்தோமோ என்று எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கடைசியில் அங்கே வேலை பார்க்கும் பெரியவர் வந்து, "கையல்லி கொடி அம்மா" என்று கன்னடத்தில் சொன்னார், கையில் கொடுங்கள் என்று. இரண்டு கையாலும் தூக்கிக் கொடுத்ததும் வாங்கிக்கொண்டார். கவரை நீட்டியபோது மட்டும் கையை மடிக்கு இழுத்துக்கொண்டார். அம்மா பேரில் கொடுத்த பணம். அது இன்னும் உறுத்துகிறது.

அண்ணனிடம் சொன்னால், "நாம உழைச்சுப் போடணும், அவங்க உட்கார்ந்து சாப்பிடணும். பதிலுக்கு என்ன தர்றாங்க?" என்கிறான். எனக்குப் பதில் வரவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாரிக்குப்பம்காரன்:

சகோதரி, உங்கள் மேல் தப்பே இல்லை. முதல்முறை போகிற எல்லோருக்கும் நடப்பதுதான்.

நான் கோலார் தங்கவயல். அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் சென்னையில் தொடங்கிய பௌத்த சங்கத்துக்கு எங்கள் மாரிக்குப்பத்திலும் கிளை இருந்தது. தாத்தா சுரங்கத்தில் இறங்கியவர். கூலி வந்த அன்றே சங்கத்துக்கு என்று தனியாக எடுத்து வைத்துவிடுவாராம். அதனால் இந்தப் பேச்சு எங்கள் வீட்டில் பழசு.

விநயத்தில், அதாவது துறவிகளின் ஒழுக்க விதிகளில், பிக்குவுக்குச் சொல்லியிருப்பதைப் பாருங்கள். பணத்தைத் தொடக்கூடாது. உச்சிப்பொழுது தாண்டினால் சாப்பாடு கிடையாது. மிஞ்சியதை நாளைக்கு என்று எடுத்து வைக்கக்கூடாது. தானே சமைத்துக்கொள்ளவும் கூடாது. மண்ணை வெட்டக்கூடாது, செடியை ஒடிக்கக்கூடாது, ஆக விவசாயமும் இல்லை. எதிரே சோறு இருந்தாலும், ஒருவர் எடுத்துக் கொடுத்தால்தான் அது அவருக்குச் சோறு. அந்தப் பையன் உங்கள் கைக்காகத்தான் காத்திருந்தார்.

சின்ன வயசில் இதெல்லாம் வீண் கெடுபிடி என்று நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. நாளைய சோறு கையில் இல்லாதவர் ஊரைவிட்டு ஒதுங்கிப் போய்விட முடியாது. தினமும் யாராவது ஒருவர் முகத்தில் விழித்தாக வேண்டும். நடத்தை சரியில்லை என்றால் ஊர் கொடுக்காது. உங்கள் அம்மா பஸ் ஏறிப் போன நாளில்தான் அங்கே ஒருவருக்குப் பகல் சாப்பாடு.

அண்ணன் கேட்டதைப் புத்தரிடமே ஒருவர் கேட்டிருக்கிறார். மகதத்தில் கசிபாரத்வாசர் என்ற விவசாயி. விதைப்புக் காலம், 500 ஏர் பூட்டி நிற்கிறது. பிச்சைக்கு வந்து நின்றவரிடம், "நான் உழுது விதைத்துச் சாப்பிடுகிறேன், நீயும் உழு" என்றார். நானும்தான் உழுகிறேன், நம்பிக்கை விதை, தவம் மழை, அறிவு நுகத்தடியும் ஏரும் என்று புத்தர் பாட்டாகவே சொன்னார். விவசாயி மனம் குளிர்ந்து கிண்ணம் நிறையப் பால்சோறு நீட்டினார். புத்தர் வாங்கவில்லை! பாட்டுச் சொல்லிக் கிடைத்த சோற்றை உண்பதில்லை என்று சொல்லிவிட்டார்.

எனக்கு அந்த மறுப்புதான் பெரிசாகத் தெரிகிறது. தம்மத்தை, அதாவது புத்தரின் போதனையை, சொல்வதற்குச் சோறு கூலி இல்லை. அண்ணன் சொல்லும் 'பதிலுக்கு' என்ற கணக்கை இரண்டு பக்கமும் போடக்கூடாது.

காலைநடை:

மாரிக்குப்பம்காரர் சொன்னதில் ஒரு இடம் மட்டும் எனக்கு ஒப்பவில்லை. கணக்கு வேண்டாம், சரி. ஆனால் பிக்குகளுக்குக் கடமையே இல்லை என்று ஆகிவிடக்கூடாது. சிகாலன் என்ற இல்லறத்தானுக்குப் புத்தர் சொன்னதில், துறவிகளை நாம் பேண வேண்டிய விதம் 5, அவர்கள் நமக்குச் செய்ய வேண்டியது 6. தீமையிலிருந்து விலக்குவது, கேளாததைச் சொல்லிக்கொடுப்பது, கேட்டதைத் தெளிவாக்குவது எல்லாம் அதில் வரும். நம்மைவிட அவர்களுக்கு ஒன்று கூடுதல்.

நம்ம பெங்களூரிலேயே பார்க்கலாம். காந்திநகர் மகாபோதி சங்கத்தை ஆச்சார்ய புத்தரக்கித 1956இல் தொடங்கினார். விக்டோரியா ஆஸ்பத்திரியின் தீக்காயப் பிரிவு மகாபோதி பேரில்தான் இருக்கிறது.

கவரை ஆபீஸில் கொடுத்து, அம்மா பேருக்கு ரசீது வாங்குங்கள். விகாரையில் வேலை பார்க்கும் அந்தப் பெரியவரிடம் கொடுத்தாலும் போதும், வேண்டியதை வாங்கிக் கொடுப்பார்கள். பைலகுப்பே பக்கம் போனால் திபெத்தியத் துறவிகளிடம் வழக்கம் வேறு, அங்கே பணத்தை வாங்கிக்கொள்வார்கள். குழம்ப வேண்டாம்.

அல்சூர்க்காரி:

இரண்டு பேருக்கும் நன்றி. 'உங்கள் கைக்காகத்தான் காத்திருந்தார்' என்ற இடத்தில் அழுதுவிட்டேன். அம்மாவின் கையும் அப்படித்தானே நீண்டிருக்கும்.

அண்ணனுக்கு அனுப்பினேன். அந்த விவசாயி கதையை இரண்டு தடவை படித்தானாம். அடுத்த பௌர்ணமிக்கு வண்டியில் கொண்டுவந்து விடுகிறேன் என்கிறான். இன்னும் ஒன்றே ஒன்று: அங்கே ஐந்து பிக்குகள் இருக்கிறார்கள். எவ்வளவு அரிசி போடலாம்? மிஞ்சியதை எடுத்து வைக்க மாட்டார்கள் என்றால் வீணாகிவிடக்கூடாதே.

மாரிக்குப்பம்காரன்:

ஒரு கிலோ தாராளம். மிஞ்சினால் அங்கே வேலை செய்பவர்களும் வந்தவர்களும் சாப்பிடுவார்கள், நீங்களும் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள். பதினோரு மணிக்குள் போய்விடுங்கள். அண்ணன் கையாலும் ஒரு கரண்டி போடச் சொல்லுங்கள்.