கனடாவின் ஏழு ஹாக்கி அணிகளை எப்படி வரிசைப்படுத்துவது?

வணக்கம். வட அமெரிக்காவின் தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீக்கான என்ஹெச்எல்லில் ஆடும் ஏழு கனடிய அணிகளையும் தரவரிசைப்படுத்தப் பார்க்கிறேன். முதலிடத்திலேயே குழப்பம்.

மொன்றியல் கனேடியன்ஸிடம் 24 ஸ்டான்லி கோப்பைகள் (லீக் சாம்பியனுக்குத் தரப்படும் கோப்பை இது). ஆனால் கடைசியாக வென்றது 1993இல். அதன்பின் 2025 வரை எந்தக் கனடிய அணியும் வெல்லவில்லை. 1942 முதல் 1967 வரை லீக்கில் இருந்ததே ஆறு அணிகள்தான். முப்பதுக்கும் மேற்பட்ட அணிகள் மோதும் இன்றைய கோப்பைக்கும் அந்தக் காலத்துக் கோப்பைக்கும் ஒரே மதிப்பெண் தரலாமா? டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸின் 13 கோப்பைகளில் கடைசி 1967இல். (லீஃப்ஸ் ரசிகர்கள் கோபிக்க வேண்டாம்!)

என் மனசு எட்மன்டன் ஆயிலர்ஸ் பக்கம். 1984க்கும் 1990க்கும் இடையில் ஐந்து கோப்பைகள். 2024, 2025 இரண்டிலும் இறுதிப் போட்டி வரை வந்து ஃபுளோரிடாவிடம் தோற்றார்கள்.

அப்புறம் இன்னொன்று. வின்னிபெக் ஜெட்ஸ் 2024-25 லீக் சுற்றில் முதலிடம் பிடித்தது, ஆனால் இறுதிப் போட்டியை எட்டியதே இல்லை. வான்கூவர் கனக்ஸ் மூன்று முறை எட்டித் தோற்றது. யார் மேலே? கால்கரியும் ஒட்டாவாவும் எங்கே?

கோப்பை, இறுதிப் போட்டி, லீக் சுற்றுப் புள்ளிகள் ஆகியவற்றுக்கு நீங்கள் எத்தனை சதவீதம் கொடுப்பீர்கள்? காரணத்தோடு சொன்னால் நல்லது.