பெனின் அரசரின் சிறுத்தையும் சேற்று மீனும்: வாகனம் என்று சொல்லலாமா?

கேள்வி (மயூர் விகார், டில்லி)

அனைவருக்கும் வணக்கம். ஞாயிறுதோறும் இங்குள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கலை வரலாறு சொல்லித் தருகிறேன். ஜன்பத் தேசிய அருங்காட்சியகத்தில் சோழர் செப்புத் திருமேனிகளைப் பார்த்துவிட்ட அவர்களுக்கு, மெழுகு வார்ப்பில் அதே தேர்ச்சியைக் காட்டிய மேற்கு ஆப்பிரிக்கப் பெனின் அரசின் சிற்பங்களை அடுத்து அறிமுகப்படுத்த விரும்புகிறேன். (இன்றைய நைஜீரியாவின் எடோ மாநிலத்தில் இருந்த அரசு அது, பெனின் குடியரசு வேறு.) ஒரு பலகையில் ஓபா எனப்படும் அரசர் இரு சிறுத்தைகளை வாலைப் பிடித்துத் தூக்கியபடி நிற்கிறார், கால்கள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு மீன்கள் இருக்கின்றன. முருகனுக்கு மயில் என்பதைப் போல இவற்றை ஓபாவின் வாகனங்கள் என்று விளக்கினால் பொருந்துமா?

மறுமொழி 1 (ஆர்.கே. புரம், டில்லி)

பொருந்தாது, ஐயா. வாகனம் தெய்வத்தைச் சுமப்பது. பெனின் சிற்பங்களில் விலங்கு எதையும் சுமப்பதில்லை, அரசரின் அதிகாரம் எதுவரை செல்லும் என்பதைக் காட்டுகிறது. காட்டுக்கு அரசன் சிறுத்தை, ஊருக்கு அரசன் ஓபா. உயிரைப் பறிக்கும் உரிமை இருவருக்கும் உண்டு என்பதே அதன் அடிப்படை. அரண்மனையில் சிறுத்தைகளை வளர்த்தார்கள். அவற்றைப் பலியிடும் உரிமை ஓபாவுக்கு மட்டுமே இருந்தது. சடங்கின்போது அவர் கை கழுவுவதற்கான பித்தளைக் கெண்டியே சிறுத்தை வடிவில் வார்க்கப்பட்டது: தலை உச்சியில் உள்ள திறப்பின் வழியாக நீரை நிரப்பினால், மூக்குத் துளைகள் வழியாக அது வெளியே வரும். போர்த்தலைவர்கள் சிறுத்தைப் பல் மாலை அணிந்ததும் அரசர் கொடுத்த உரிமையால்தான்.

மீனின் பொருள் இதைவிட ஆழமானது. சேற்று மீன் நீரிலும் வாழும், கோடையில் சேற்றுக்குள் புதைந்தும் உயிர் பிழைக்கும். கடலுக்கும் செல்வத்துக்கும் உரிய தெய்வமான ஒலோகுனின் உலகத்தையும் மனிதர் வாழும் நிலத்தையும் இணைப்பவர் ஓபா என்பதால், இரண்டிலும் வாழவல்ல அந்த உயிர் அவருடைய கால்களாகவே ஆகிவிடுகிறது.

மறுமொழி 2 (கரோல் பாக், டில்லி)

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனாலும் பிள்ளைகளுக்கு நம் மரபிலிருந்து ஒரு பிடி வேண்டுமென்றால், தாருகாவன முனிவர்கள் ஏவிய புலியையும் மானையும் பாம்பையும் சிவபெருமான் அடக்கி, தோலாகவும் கைப்பொருளாகவும் அணியாகவும் ஏற்றுக்கொண்ட கதையைச் சொல்லுங்கள். அடக்கப்பட்ட விலங்கு அடக்கியவரின் அடையாளமாக மாறுவது அங்கும் நடக்கிறது. வேறுபாட்டையும் மறைக்க வேண்டாம்: ஓபா தெய்வத்தன்மை உடையவராகக் கருதப்பட்டாலும், பெயரும் வம்சமும் உடைய மனித அரசர்.

எசிகியே என்ற ஓபாவின் கதையில் இது தெளிவாகத் தெரியும். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இகாலா மக்களுடன் போருக்குப் புறப்பட்டவரின் முன்னே, தோல்வி வரும் என்று ஒரு பறவை கூவியதாம். அவர் அதைக் கொல்லச் செய்து, போரிலும் வென்று திரும்பினார். பிறகு உகியே ஓரோ என்ற விழாவில், அந்தப் பறவை உச்சியில் அமர்ந்த பித்தளைக் கோலைத் தலைவர்கள் தட்டி ஒலித்தார்கள். சகுனத்தை அரசர் மீறியதை ஆண்டுதோறும் நினைவூட்டும் சடங்கு என்பதால், இந்தத் தொகுதியிலேயே என்னை மிகவும் கவர்ந்த உருவம் இதுதான்.

மறுமொழி 3 (துவாரகா, டில்லி)

ஒவ்வொரு விலங்கும் எங்கே இருந்தது என்பதையும் தயவுசெய்து சொல்லுங்கள். 1897இல் பிரிட்டிஷ் படை பெனின் நகரைக் கைப்பற்றி அரண்மனையைச் சூறையாடியபோது, இவை இருந்த இடங்களிலிருந்து பெயர்க்கப்பட்டு ஏலங்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் போய்ச் சேர்ந்தன. பித்தளைச் சேவல் அரசரின் தாய்க்கு உரிய பலிபீடத்தில் வைக்கப்படுவது; கேம்பிரிட்ஜின் ஜீசஸ் கல்லூரியில் இருந்த அப்படியொரு சேவல் 2021 அக்டோபரில்தான் நைஜீரியாவிடம் ஒப்படைக்கப்பட்டது.

மலைப்பாம்பு ஒலோகுனின் தூதன். அதன் பெரிய பித்தளைத் தலைகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் தரையில் கிடத்திய நிலையில் பார்ப்பவர்களுக்கு, அது அரண்மனை வாயிலின் கூரைக் கோபுரத்திலிருந்து தலைகீழாக இறங்கிவரும் பாம்பு என்பது தோன்றவே தோன்றாது. உள்ளே நுழைபவர் அண்ணாந்து பார்த்து அஞ்ச வேண்டும் என்பதற்காகவே அது அங்கே இருந்தது. வகுப்பில் அதன் படத்தைக் காட்டும்போது, கதவுக்கு மேலே, தலை கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டுங்கள்.