குடல் எண்டோமெட்ரியோசிஸில் புற்றுநோய்: கோவையில் யாரிடம் காட்டலாம்?

கோபிச்செட்டிபாளையத்திலிருந்து எழுதுகிறேன். அக்காவுக்கு வயது 48. எண்டோமெட்ரியோசிஸுக்காக (கர்ப்பப்பையின் உள்படலம் போன்ற திசு வெளியே மற்ற உறுப்புகளில் வளரும் நோய்) 2016-ல் கர்ப்பப்பையை எடுத்தார்கள். அப்புறம் சில வருடம் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை மட்டும் சாப்பிட்டார். போன தைப்பொங்கலிலிருந்து மலத்தில் ரத்தம், இடது அடிவயிற்றில் விடாத வலி. ஈரோட்டில் மூலத்துக்கு மருந்து கொடுத்தார்கள், கேட்கவில்லை. கொலோனோஸ்கோப்பியில் (பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) எடுத்த சதையிலும் ஒன்றும் தெரியவில்லை. காரணம், கட்டி குடலின் வெளிச்சுவரிலிருந்து உள்நோக்கி வளர்ந்திருக்கிறது. பெருங்குடலின் கடைசி வளைவான சிக்மாய்டு பகுதியை வெட்டி எடுத்த பிறகுதான் எண்டோமெட்ரியாய்டு அடினோகார்சினோமா, அதாவது கர்ப்பப்பை உள்படலத் திசு போன்ற வகைப் புற்றுநோய் என்று வந்தது.

புற்றுநோய் எந்தத் திசுவிலிருந்து வந்தது என்று காட்டும் புரதப் பரிசோதனையில் சிகே7, ஈஆர் பாசிட்டிவ். சிகே20, சிடிஎக்ஸ்2 நெகட்டிவ். வழக்கமான குடல் புற்றுநோயில் பெரும்பாலும் இது தலைகீழாக இருக்கும். ஆனாலும் ஒரு டாக்டர் குடலுக்கான கீமோ என்கிறார். இன்னொருவர் கர்ப்பப்பை, சினைப்பைப் புற்றுநோய்க்குத் தரும் கார்போபிளாட்டின், பாக்லிடாக்செல் கீமோ என்கிறார். எங்களுக்குத் தூக்கமே போய்விட்டது.

வெட்டி எடுத்த சதையைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டிகளும் ஸ்லைடுகளும் கையில் இருக்கின்றன. கோவையில் பெண்களின் புற்றுநோய்த் திசுக்களைப் பார்த்து அனுபவமுள்ள நோயியல் மருத்துவர் யாரிடம் இவற்றை மறுபடி காட்டலாம்?